72 லைப்ரரிகள், ஒரே ரன்: சுத்தம் செய்வதும் சமப்படுத்துவதும் எப்படி?

வடவாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கே காவிரி நன்னீர் பாயும் வயலுக்கும் கிழக்கே உப்பு ஏறிய வயலுக்கும் மண் பாக்டீரியாக்களில் என்ன வேறுபாடு என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கல்லணையில் தொடங்கி திருவையாறு, பாபநாசம், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை எடுத்த வயல் மண் 66 மாதிரிகள். மண்ணே போடாமல் டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டை மட்டும் ஓட்டிய வெற்று மாதிரிகள் 6. ஆக மொத்தம் 72.

பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவின் வி3–வி4 பகுதியை பிசிஆரில் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கி, இரண்டாவது பிசிஆரில் எந்த மாதிரி என்று காட்டும் இன்டெக்ஸும் ஏற்றியாகிவிட்டது. இப்படித் தயாரான துண்டுத் தொகுப்பான லைப்ரரியின் நீளம் சுமார் 630 பேஸ்பேர் (டி.என்.ஏ. எழுத்து ஜோடி) இருக்க வேண்டும். இனி பீட்ஸ் (டி.என்.ஏ. ஒட்டும் காந்த மணிகள்) போட்டுச் சுத்தம் செய்து, அளந்து, சமப்படுத்தி, ஒரே குழாயில் பூலாகச் சேர்த்து, டி.என்.ஏ. வரிசை படிக்கும் இல்லுமினா நிறுவனத்தின் மைசெக் மெஷினில் ஓட்ட வேண்டும்.

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கிறது. முன்பு எங்கள் துறையில் வெளியே அனுப்பி வாங்கிய ஒரு தொகுப்பில் ஒரு மாதிரிக்கு 4 லட்சம் ரீட்ஸ் (மெஷின் படித்த வரிசைகள்), இன்னொன்றுக்கு 3,000 ரீட்ஸ் வந்தது. ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் 3,000க்குக் குறைத்தால் மீதி அத்தனையும் வீண். அந்த மாதிரியை விட்டுவிட்டால் அந்த ஊரே ஆய்வில் இல்லாமல் போகும்.

கையில் இருப்பவை: டி.என்.ஏ. அளக்கும் நானோடிராப், கியூபிட், அப்புறம் ஜெல் டேங்க், காந்த ஸ்டாண்ட். துண்டின் நீளத்தைத் துல்லியமாகக் காட்டும் பயோஅனலைசர், டேப்ஸ்டேஷன் இரண்டும் இல்லை. கடைசிப் பூலை மட்டும் வெளியே கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்த வரிசையில் போகலாம்?

---

குடமுருட்டி எழுதியது:

தம்பி, முதலில் சுத்தம், பிறகு அளவு, கடைசியில்தான் சமப்படுத்தல். இந்த வரிசை மாறினால் பின்னால் எந்தக் கணக்கும் நிற்காது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதைச் சடங்கு போலத்தான் செய்கிறார்கள்.

பிசிஆர் முடிந்த குழாயில் உங்களுக்கு வேண்டிய 630 பேஸ்பேர் துண்டு மட்டும் இருக்காது. மிச்சப் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் குட்டை டி.என்.ஏ.), நியூக்ளியோடைடு, என்சைம், உப்பு, அப்புறம் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான டைமர். டைமர்தான் பெரிய தொல்லை. இரண்டு முனையிலும் மெஷினில் ஒட்டுவதற்கான அடாப்டர் இருப்பதால், மெஷினுக்குள் துண்டுகள் ஒட்டும் தகடான ஃப்ளோசெல்லில் அதுவும் போய் ஒட்டும், அதற்கும் ரீட்ஸ் வரும். குட்டையாக இருப்பதால் நீளமான துண்டைவிடச் சுலபமாகப் பெருகவும் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் எடையில் 95 சதவீதம் 630 பேஸ்பேர் லைப்ரரி, 5 சதவீதம் 150 பேஸ்பேர் டைமர் என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 150ஆல் வகுத்தால் 0.033. 95ஐ 630ஆல் வகுத்தால் 0.151. மூலக்கூறு எண்ணிக்கையில் டைமர் ஏறக்குறைய 18 சதவீதம்! கியூபிட் எடையைத்தான் சொல்லும், அதற்கு இது தெரியாது. இந்தக் குழாயையும் டைமரே இல்லாத குழாயையும் ஒரே அளவு என்று நீங்கள் சமப்படுத்தினால், சமப்படுத்தியது காகிதத்தில் மட்டும்தான்.

எனவே 72ஐயும் பீட்ஸ் போட்டுச் சுத்தம் செய்த பிறகு 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஜெல்லுக்குக் கண் மந்தம், குறைவான டைமரைக் காட்டாது. ஆனால் ஜெல்லிலேயே 150 பக்கம் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால், அந்த மாதிரிக்கு இன்னொரு முறை பீட்ஸ் கட்டாயம்.

---

பொன்மணி1009 எழுதியது:

நான் ஆய்வகத்துக்காரன் இல்லை, நாட்டு நெல் விதை சேர்ப்பவன். எங்கள் ரகங்களின் மரபணு வேலைக்காக ஒரு குழுவுக்கு விதை கொடுக்கிறேன், அதனால் இந்த இழையைப் படிக்கிறேன்.

குடமுருட்டி அக்கா சொன்ன எடைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மாப்பிள்ளைச் சம்பா ஒரு கிலோ, சீரகச் சம்பா ஒரு கிலோ எடுத்தால் எடை ஒன்றுதான். ஆனால் சீரகச் சம்பாவில் மணிகள் அதிகம். அதனால்தான் விதை அளவு சொல்லும்போது ஆயிரம் மணி எடையைப் பார்க்கிறோம். உங்கள் துண்டின் நீளம் எங்களுடைய ஆயிரம் மணி எடை மாதிரி என்று புரிந்துகொண்டேன். சரிதானே?

---

குடமுருட்டி எழுதியது:

மிகச் சரி, ஐயா. அதையே சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்: மைக்ரோலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பதைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 660ஐயும் சராசரி நீளத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நானோமோலார், அதாவது எண்ணிக்கைக் கணக்கிலான செறிவு. 660 என்பது இரட்டை இழையில் ஒரு பேஸ்பேரின் சராசரி எடை.

வடவாறு தம்பியின் 630க்கு இது இன்னும் சுலபம். மைக்ரோலிட்டருக்கு 1 நானோகிராம் என்றால் 2.4 நானோமோலார். கியூபிட் 12 காட்டினால் 28.9 நானோமோலார். 4 நானோமோலாருக்குக் கொண்டுவர 5 மைக்ரோலிட்டர் எடுத்து 31 மைக்ரோலிட்டர் டிரிஸ் பஃபர் சேர்த்தால் போதும்.

---

அரசலாறு எழுதியது:

72 குழாயையும் ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குப் போட்டு, கையால் பிப்பெட் செய்வதா? இதற்கென்றே சமப்படுத்தும் தட்டு வருகிறதே. சீக்குவல்பிரெப் தட்டில் ஒவ்வொரு குழியும் சுமார் 25 நானோகிராம் டி.என்.ஏ.வைத்தான் பிடிக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் ஒட்டாமல் கழுவலில் போய்விடும். கடைசியில் எல்லாக் குழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அளக்கவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 16எஸ் வேலைக்கு நாங்கள் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

---

மண்ணியாறு எழுதியது:

அரசலாறு சொல்வது நல்ல வழிதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குழி நிறையும் அளவுக்கு டி.என்.ஏ. இருந்தால்தான் அது சமப்படுத்தும். குறைந்தது 250 நானோகிராம் ஊற்றச் சொல்கிறார்கள். வேதாரண்யம் பக்கத்து மண்ணில் பிசிஆர் பலவீனமாக வந்திருந்தால் அந்தக் குழி நிறையவே நிறையாது, அது தாழ்ந்தேதான் இருக்கும். தட்டு அதை உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

இல்லுமினாவின் நெக்ஸ்டெரா எக்ஸ்டி லைப்ரரி கிட்டோடு வரும் சமப்படுத்தும் பீட்ஸும் இதே தத்துவம்தான். லைப்ரரி சுமார் 10–15 நானோமோலாருக்கு மேல் இருக்க வேண்டும். அங்கே இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும்: கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடில் இறக்குவதால் டி.என்.ஏ. ஒற்றை இழையாகிவிடும். இரட்டை இழைக்கான கியூபிட் சாயத்தால் அதை அளக்க முடியாது. அளந்து, எண் சரியில்லையே என்று பயந்து, நல்ல பூலைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்து: பாதி மாதிரி வலுவாகவும் பாதி பலவீனமாகவும் இருக்கும் இந்த மாதிரி ஆய்வுக்குக் கையால் அளந்து சமப்படுத்துவதுதான் நியாயம். உப்பு மண்ணைப் பார்க்கத்தானே இத்தனை வேலையும்? அது பின்தங்கிவிட்டால் ஆய்வின் கேள்வியே அடிபட்டுப் போகும்.

---

அரசலாறு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். வலுவான மாதிரிகள் மட்டும் இருந்தால் தட்டு, கலந்து இருந்தால் கை.

---

வடவாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கையால்தான் செய்யப்போகிறேன். பீட்ஸ் வேலை பற்றிச் சில சந்தேகங்கள்.

ஒன்று, விகிதம் எவ்வளவு? இன்டெக்ஸ் பிசிஆருக்குப் பிறகு 50 மைக்ரோலிட்டருக்கு 56 மைக்ரோலிட்டர் பீட்ஸ் என்று இல்லுமினாவின் 16எஸ் செய்முறையில் இருக்கிறது. அதையே போடலாமா?

இரண்டு, எத்தனால் கழுவலுக்குப் பிறகு பீட்ஸை எவ்வளவு நேரம் காய வைப்பது? ஒருவர் 2 நிமிடம் என்கிறார், இன்னொருவர் 10 நிமிடம் என்கிறார்.

மூன்று, பீட்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை. சொந்தமாகத் தயாரிப்பது நம்பகமானதா?

---

குடமுருட்டி எழுதியது:

விகிதம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எண்ணை நீங்களே முடிவு செய்யலாம். பீட்ஸ் கரைசலில் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சோடியம் குளோரைடும் இருக்கின்றன. அவை டி.என்.ஏ.வைக் கரைசலிலிருந்து நெருக்கி வெளியேற்றி, பீட்ஸின் கார்பாக்சில் பூச்சின்மேல் ஒட்ட வைக்கின்றன. நீளமான துண்டு குறைந்த பாலிஎத்திலீன் கிளைக்காலிலேயே ஒட்டிவிடும், குட்டைத் துண்டுக்கு அதிகம் தேவை. பீட்ஸ் விகிதத்தைக் குறைத்தால் குட்டை ஒட்டாமல் போகும். அவ்வளவுதான் விஷயம்.

50க்கு 56 என்றால் 1.12 மடங்கு. டைமர் இல்லாத மாதிரிக்கு அது போதும். உங்கள் துண்டு 630, டைமர் 150 பக்கம். நடுவில் நிறைய இடம் இருக்கிறது, எனவே தாராளமாக 0.8 மடங்குக்கு இறங்கலாம். 50க்கு 40.

ஆனால் அந்த 50 உண்மையிலேயே 50ஆக இருக்க வேண்டும்! பிசிஆர் மெஷினில் ஆவியாகி ஓரத்துக் குழிகளில் 44தான் மிச்சம் இருக்கும். அதற்கு 40 போட்டால் 0.9 மடங்காகிவிடும். ஒரே தட்டில் ஓரக் குழிக்கு ஒரு விகிதம், நடுக் குழிக்கு ஒரு விகிதம். பீட்ஸ் போடும் முன் எல்லாவற்றையும் அளந்து 50க்குத் தண்ணீரால் நிரப்புங்கள். பீட்ஸ் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, அடியில் படிந்தது முழுக்கக் கலையும் வரை கலக்குங்கள். கரைசல் கெட்டியானது, மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். டிப்ஸின் வெளிப்பக்கம் ஒட்டிய துளியும் உள்ளே போனால் விகிதம் மாறும்.

காய வைப்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், பீட்ஸைப் பாருங்கள். காந்தத்தின் பக்கம் பழுப்பாக ஒட்டியிருக்கும் படலம் முதலில் ஈரத்தில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு மங்கும் கணத்தில் டிரிஸ் ஊற்றிவிடுங்கள். வெடிப்பு விட்டால் தாண்டிவிட்டது என்று அர்த்தம், டி.என்.ஏ. பாதிகூட இறங்காமல் போகலாம். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றில் இது இரண்டு நிமிடத்திலேயே நடந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அதே மேஜையில் வெகுநேரம் ஆகும். நம் ஊரில் ஆளுக்கொரு நேரம் சொல்வது அதனால்தான்.

கழுவும் எத்தனால் 80 சதவீதம், அன்றன்றைக்குக் கலந்தது. திறந்து மூடிய பழைய பாட்டிலில் எத்தனால் ஆவியாகித் தண்ணீர் விகிதம் ஏறும். தண்ணீர் அதிகமானால் கழுவும்போதே டி.என்.ஏ. கரைந்து போய்விடும்.

---

மண்ணியாறு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். காந்த மணிகளில் டி.என்.ஏ.வை ஒட்டவைத்துப் பிரிக்கும் இந்த முறையை 1995இல் டிஆஞ்சலிஸ், வாங், ஹாக்கின்ஸ் ஆகிய மூவர் வெளியிட்டார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. 2012இல் ரோலண்டும் ரைக்கும் மலிவாகத் தயாரிக்கும் செய்முறையையே கொடுத்துவிட்டார்கள்: 0.1 சதவீத செராமேக் கார்பாக்சில் மணிகள், 18 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 8000, 1 மோலார் சோடியம் குளோரைடு, டிரிஸ், ஈடிடிஏ, கொஞ்சம் ட்வீன் 20. பல ஆய்வகங்கள் இதில்தான் ஓடுகின்றன.

நம்பலாம். ஆனால் ஒவ்வொரு முறை தயாரித்ததும் 100 பேஸ்பேர் லேடரை (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) 0.6, 0.8, 1.0, 1.2, 1.8 விகிதங்களில் சுத்தம் செய்து ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். எந்த விகிதத்தில் எந்தப் பட்டை மறைகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு அதன்படி போங்கள். பாட்டிலில் கடைக்காரர் போட்ட 0.8உம் உங்கள் 0.8உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

---

வடவாறு எழுதியது:

சுத்தம் முடிந்தது. ஓரக் குழிகள் நிஜமாகவே குறைந்துதான் இருந்தன, நிரப்பிவிட்டே போட்டேன். ஜெல்லில் பெரும்பாலானவற்றில் 630 பக்கம் ஒரே பட்டை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே சிலவற்றில் பட்டை மங்கல், டைமர் கோடும் தெரிகிறது. அவற்றுக்கு இரண்டாம் முறை போடுகிறேன்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம். நானோடிராப் காட்டுவதில் பாதிதான் கியூபிட் காட்டுகிறது. நானோடிராப்பை வைத்தே எல்லாவற்றையும் சமப்படுத்தினால் என்ன, ஒப்பீடு ஒன்றுதானே வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

---

மண்ணியாறு எழுதியது:

வேண்டாம். நானோடிராப் 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் எல்லாவற்றையும் எண்ணும். மிச்சப் பிரைமர், ஆர்.என்.ஏ., ஒற்றை இழை, மண்ணிலிருந்து வந்த ஹியூமிக் அமிலம் எல்லாம் சேர்த்திதான். எல்லா மாதிரியிலும் அது ஒரே விகிதத்தில் கூட்டிக் காட்டினால் நண்பர் சொல்வது பொருந்தும். ஆனால் பலவீனமான மாதிரியில்தான் மிச்சப் பிரைமர் அதிகம், அங்கேதான் அது அதிகமாகக் கூட்டிச் சொல்லும். ஏற்கெனவே குறைவாக இருப்பதை இன்னும் குறைத்து ஊற்றுவீர்கள்.

கியூபிட்டிலும் ஒரு கவனம் தேவை. சாயத்தின் ஒளிர்வு வெப்பத்துக்கு ஏற்ப மாறும். 22 முதல் 28 டிகிரிக்குள் அளக்கச் சொல்கிறார்கள். ஏசி இல்லாத அறையில் மே மாதம் அது நடக்காது. கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டால் அறை குளிரும் வரை பொறுத்திருங்கள். ஸ்டாண்டர்ட் இரண்டையும் மாதிரிகளையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் வையுங்கள். குழாயைக் கைக்குள் மூடிப் பிடிக்காதீர்கள், உள்ளங்கைச் சூடே அளவைக் குறைத்துக் காட்டும்.

72க்கும் கியூபிட், சேர்த்த பூலுக்கு மட்டும் கியூபிசிஆர் (பெருகுவதை வைத்தே அளக்கும் பிசிஆர்). இரண்டு முனையிலும் அடாப்டர் இருக்கும் துண்டு மட்டுமே கியூபிசிஆரில் பெருகும், ஃப்ளோசெல்லில் ஒட்டப்போவதும் அதுவேதான். காப்பா கிட் என்றால் அதன் ஸ்டாண்டர்ட் 452 பேஸ்பேர். எனவே வரும் எண்ணை 452/630ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பூல் இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பதாகத் தோன்றும், ரன்னில் கிளஸ்டர் (ஃப்ளோசெல்லில் ஒரு துண்டு பெருகி உருவாகும் கூட்டம்) குறையும்.

---

பாமணியாறு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் தூயமல்லி, குழியடிச்சான், கருப்புக் கவுனி உட்பட 48 நாட்டு நெல் ரகங்களின் முழு மரபணுத்தொகுதியை இல்லுமினாவின் பெரிய மெஷினான நோவாசெக்கில் ஓட்ட இருக்கிறோம். இங்கே சொல்வது எல்லாம் அதற்கும் பொருந்துமா?

---

குடமுருட்டி எழுதியது:

பெரும்பாலும் பொருந்தும், சிலவற்றில் இன்னும் கண்டிப்பு தேவை. நெல் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 40 கோடி பேஸ்பேர். ஒரு ரகத்தைச் சராசரியாக 10 முறை படிக்க வேண்டுமென்றால் 400 கோடி, 48க்கு 19,200 கோடி பேஸ். ஒரு ரகம் பாதி அளவில் வந்துவிட்டால் அதன் மரபணு வேறுபாடுகளை நம்பிச் சொல்ல முடியாது.

நோவாசெக்கில் ஃப்ளோசெல் குழிகள் வரிசையாகப் பதித்தது. அங்கே டைமர் 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இல்லுமினாவின் பரிந்துரை. மிச்ச அடாப்டர் இருந்தால் ஒரு ரகத்தின் இன்டெக்ஸ் இன்னொன்றில் தொற்றிக்கொள்ளும். கவுனியின் ரீட்ஸ் தூயமல்லியில் போய் உட்கார்ந்தால் கண்டுபிடிப்பதே சிரமம். அதனால் இரு பக்கமும் தனித்தனி இன்டெக்ஸ் ஜோடி போடுங்கள்.

பிசிஆர் சுற்றுகளையும் கூட்டாதீர்கள். பிரைமர் தீர்ந்த பிறகும் ஓட்டினால் வெவ்வேறு துண்டுகளின் இழைகள் அடாப்டர் முனைகளில் மட்டும் ஒட்டி, நடுவில் திறந்தபடி நிற்கும். பயோஅனலைசரில் இல்லாத பெரிய துண்டு இருப்பதுபோல் ஒரு மேடு தெரியும், கியூபிட் குறைவாகக் காட்டும். புதுப் பிரைமர் போட்டு ஒரே ஒரு சுற்று ஓட்டினால் அது சரியாகிவிடும்.

---

வடவாறு எழுதியது:

இன்னொரு முக்கியமான சந்தேகம். 6 வெற்று மாதிரிகளை என்ன செய்வது? கியூபிட்டில் அவை அளவே காட்டாத நிலைதான். அவற்றையும் 4 நானோமோலாருக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் முழுக் குழாயையும் ஊற்றினாலும் போதாது.

---

மண்ணியாறு எழுதியது:

வெற்று மாதிரிகளைச் சமப்படுத்தவே கூடாது. சமப்படுத்தினால் கிட்டிலிருந்து வந்த துளி அசுத்தத்தை நீங்களே பெரிதாக்கி, வயல் மண்ணுக்கு இணையாக நிற்க வைப்பீர்கள். பிறகு நிஜமான மண் பாக்டீரியாவையும் அசுத்தம் என்று நீக்கிவிடும் ஆபத்து உண்டு. மண் மாதிரிகளில் சராசரியாக எவ்வளவு கன அளவு ஊற்றினீர்களோ, அதே அளவு வெற்று மாதிரியையும் ஊற்றுங்கள். குறைவான ரீட்ஸ் வரும். வர வேண்டியதும் அப்படித்தான்.

---

வடவாறு எழுதியது:

இது எங்கள் துறையில் யாரும் சொல்லாதது. மிக்க நன்றி அண்ணே.

எல்லாவற்றையும் சேர்த்து, முதலில் மைசெக்கின் சிறிய கிட்டான நானோ கிட்டில் சோதனை ஓட்டம் ஓட்டினேன். 10 லட்சம் ரீட்ஸ்தான் என்பதால் ஒரு மாதிரிக்கு 14,000க்குள். ஆனால் விகிதம் தெரிய அது போதும். பெரும்பாலானவை சராசரிக்கு ஒன்றரை மடங்கு மேலே கீழே என்ற எல்லைக்குள் இருக்கின்றன. வேதாரண்யம் பக்கத்து இரண்டு மட்டும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அவற்றைப் பத்து மடங்கு ஊற்றிச் சரிசெய்யலாமா?

---

குடமுருட்டி எழுதியது:

மற்றவற்றுக்குக் கணக்கு எளிது: பழைய கன அளவு பெருக்கல் வேண்டிய ரீட்ஸ் வகுத்தல் வந்த ரீட்ஸ். அதில் 2 மைக்ரோலிட்டருக்குக் கீழே வருவதை அப்படியே எடுக்காதீர்கள். கொஞ்சம் நீர்க்கச் செய்து அதிகமாக எடுங்கள், பிப்பெட் பிழை குறையும்.

அந்த இரண்டையும் பத்து மடங்கு ஊற்ற வேண்டாம். அவ்வளவு ஊற்றினால் பூல் முழுவதும் நீர்த்துவிடும், அதில் மிஞ்சிய டைமரும் பத்து மடங்காகச் சேரும். அவற்றின் மூல டி.என்.ஏ.வை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் ஹியூமிக் அமிலம் பிசிஆரைத் தடுக்கிறது. பத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்து, தடையைக் குறைக்கும் பி.எஸ்.ஏ. புரதம் சேர்த்து, முதல் பிசிஆரிலிருந்து மறுபடி செய்யுங்கள். நீர்த்த பிறகு பட்டை கூடினால் தடை இருந்தது உறுதி.

---

வடவாறு எழுதியது:

பழுப்பாகத்தான் இருக்கிறது. நீர்த்துப் போட்டதில் பட்டை நன்றாகவே வந்துவிட்டது. இரண்டையும் சுத்தம் செய்து அளந்து பூலில் சேர்க்கிறேன். பெரிய ரன்னுக்கு ஃபிக்ஸ் (வரிசையில் வேறுபாடு கூட்டக் கலக்கும் கட்டுப்பாட்டு டி.என்.ஏ.) எவ்வளவு போடலாம்?

---

மண்ணியாறு எழுதியது:

எல்லாத் துண்டும் ஒரே பிரைமரில் தொடங்குவதால் முதல் சுற்றுகளில் மெஷினுக்கு எல்லாக் கிளஸ்டரும் ஒரே நிறமாகத் தெரியும். குறைந்தது 5 சதவீதம் ஃபிக்ஸ், நான் 10 போடுவேன். சோடியம் ஹைட்ராக்சைடு 0.2 நார்மல், அன்றே கலந்தது. பழையது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலு இழந்திருக்கும், இழைகள் முழுக்கப் பிரியாது. 4 நானோமோலார் பூல் 5 மைக்ரோலிட்டர், ஹைட்ராக்சைடு 5 மைக்ரோலிட்டர், ஐந்து நிமிடம், பிறகு குளிர்ந்த எச்டி1 பஃபர் 990 மைக்ரோலிட்டர். 20 பிகோமோலார் கிடைக்கும், அங்கிருந்து இறங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சப் பூலை 4 நானோமோலாரிலேயே நீண்ட நாள் வைக்காதீர்கள், நீர்த்த டி.என்.ஏ. குழாய்ச் சுவரில் ஒட்டிக் குறைந்துகொண்டே போகும். லோபைண்ட் குழாயில், கெட்டியான லைப்ரரிகளாகவே தனித்தனியாக மைனஸ் இருபதில் வையுங்கள். மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் அன்று கியூபிட்டில் அளந்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.